பழைய சுட்டிகளைக் கைவிடாதீர்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் விதை விற்கும் அண்ணன் ஒருவரின் இணையதளத்தைப் புதுப்பித்தபோது பக்கங்களின் முகவரிகள் (சுட்டிகள்) எல்லாம் மாறிவிட்டன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரிக்காய் பற்றிய பக்கத்தின் பழைய சுட்டி வாட்ஸ்அப்பில் நிறையப் பேரிடம் இருந்தது. திறந்தால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை.

தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் காணாத பக்கங்களின் பட்டியல் கிடைக்கும். அதைப் பார்த்து, ஒவ்வொரு பழைய முகவரியையும் அதே விஷயம் உள்ள புதிய பக்கத்துக்கு 301 (‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற குறியீடு) போட்டுத் திருப்பினேன். பலர் எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கத்தரி விதை தேடி வந்த விவசாயிக்கு முகப்பில் என்ன வேலை? கூகுளும் அதை சாஃப்ட் 404, அதாவது பக்கம் இல்லாததற்குச் சமம், என்று ஒதுக்கக்கூடும்.

விற்பனையை அடியோடு நிறுத்திய ரகங்களின் பக்கங்களுக்கு 410, அதாவது ‘நீக்கப்பட்டுவிட்டது’ என்ற குறியீடு. அப்புறம், 404 பக்கத்தில் தேடல் பெட்டியும் கடையின் போன் எண்ணும் வைத்தோம். சரி, அந்த 404 பக்கம் எப்படி இருந்தாலும் சர்வர் 404 என்றே பதில் சொல்ல வேண்டும், 200 (‘எல்லாம் சரி’ என்ற குறியீடு) கூடாது.