கூடுதுறைக்கு வந்துசேரும் தண்ணீர்

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க ஆண்டுதோறும் பவானி கூடுதுறைக்குப் போகிறோம். இம்முறை ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றோடு கீழே வரலாம் என்றார் அம்மா.

அம்மன் கோயிலருகே ஓடும் பவானி, எதிரே தெரியும் மலையிலிருந்து நேராக இறங்கியதுபோலத் தோன்றும். ஆனால் அது நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி அருகே திரும்பி, அட்டப்பாடியில் சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே; கபினி, பாம்பாறு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை அந்த மலைகளில் கொட்டுவதால்தான், நம் ஊரில் வெறும் காற்று மட்டும் வீசும் ஆடி மாதத்திலும் ஆறு பெருகி வருகிறது.

மோயாறு வந்து கலக்கும் பவானிசாகரில், 1955இல் கட்டி முடித்த அணையைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொண்டோம். கொடிவேரியில்தான் நேரம் போனது. தடுப்பணையின் நீளம் முழுக்கத் தண்ணீர் வெள்ளைத் துணி விரித்ததுபோல வழிய, அதற்கு முதுகைக் கொடுத்து வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் தாத்தாக்களும் பேரன்களும் ஒரே குரலில் கூச்சலிட்டார்கள். பரிசல்காரர் கூப்பிட்டார்; மசாலா தடவிய மீன் கல்லில் பொரியும் வாசம் அதைவிட வலுவாகக் கூப்பிட்டது. விரதம் என்பதால் இரண்டையும் கடந்து வந்தேன், மீனைக் கடப்பது சற்றுக் கடினமாகவே இருந்தது. அங்கிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் கோபிப் பக்கத்து வயல்களுக்குப் பிரிகின்றன. அதற்கு முன்பே பவானிசாகர் அணையில் கீழ்பவானி வாய்க்கால் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் விடியலில் கூடுதுறைப் படியில் கால் வைக்க இடமில்லை. முழுகியவர்கள் விட்டுப்போன ஈரத் துணிகள் காலைச் சுற்றின. புண்ணியத்துக்கு வந்த இடத்தில் ஆற்றின் கழுத்தில் பழந்துணியைக் கட்டிவிட்டுப் போகும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடும் இத்தலத்தைத் திருநணா என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். பிண்டத்தை நீரில் விட்டு மூன்று முறை முழுகியபின், சங்கமேசுவரரையும் வேதநாயகி அம்மனையும் தரிசித்தோம். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804இல் அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றி, அதை முதன்முதலாகக் கேட்பவளைப்போல அம்மா இந்த ஆண்டும் விசாரித்தார்.

ஈரோட்டுக்குத் திரும்பும் வழியில் காலிங்கராயன் அணைக்கட்டருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பே பவானியை மறித்து, 1283இல் காலிங்கராயன் வெட்டி முடித்த வாய்க்கால் இங்கே தொடங்கி, 56 மைல் வளைந்து வளைந்து ஓடி நொய்யலைத் தொடுகிறது. அப்பா மஞ்சள் வைத்தது இதன் பாசனத்தில்தான். அவர் வயலுக்கு வந்த தண்ணீர் ஒரு நாளும் கூடுதுறையை எட்டியதில்லை என்பது, அந்தக் கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

“இதுதான் கண்ணு நம்ம வயக்காட்டுக்குப் போற தண்ணி,” என்றபடி, மடியில் முடிந்து வைத்திருந்த கோயில் பூவை அவிழ்த்து வாய்க்காலில் விட்டார் அம்மா. அது ஈரோட்டுத் திசையில் வேகமாகப் போயிற்று.