ஒரே பிரைமர் கலவை: ஜீப்பில் உரிந்தது, யன்னல் கிறில்லில் நின்றது

ஜீப்பின் இடது பக்க ஃபுட்வெல்லில் (கால் வைக்கும் தகரக் குழி) அடித்த எப்பொக்சி பிரைமர் (இரண்டு திரவம் கலந்து பூசும் அடிப்பூச்சு) மூன்றாம் நாள் நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்துவிட்டது. அதே பின்னேரம், அதே வாளியில் கலந்து, அதே தூரிகையால் வீட்டு யன்னல் கிறில்லுக்கு அடித்ததோ கத்தி நுனியால் கீறினாலும் அசையவில்லை. வண்டி வேலையையும் வீட்டு வேலையையும் ஒன்றாகப் போட்டதில் கிடைத்த பெரிய லாபம் இது. கிறில் பக்கத்தில் இருந்திருக்காவிட்டால் பிரைமர்தான் கூடாது என்று முடிவு கட்டி, புது டப்பா வாங்கி, அதையும் உரித்திருக்கவேண்டி வந்திருக்கும்.

வண்டி லான்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குலம், 2286 சிசி பெற்றோல். வீடு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம். பல்க்ஹெட், அதாவது எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் நடுவில் ஃபுட்வெல்களோடு நிற்கும் தகரச் சுவர், வண்டியிலிருந்து கழற்றித் தனியே நிற்கிறது. வீட்டில் நாலு யன்னல் கிறில்லும் மொட்டைமாடி ஸ்லாப் ஒழுக்கும் நிலுவை. உப்புக் காற்று இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்கிறது.

உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். மேல்பக்கம் கல் மாதிரி காய்ந்திருந்தது. தகரத்தில் ஒட்டியிருந்த அடிப்பக்கம் மூன்று நாள் கழித்தும் பிசுபிசுத்தது. ஃபுட்வெல்லில் குழி விழுந்த கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் பூசி, கறுத்துக் காய்ந்த பிறகு தின்னரால் மட்டும் துடைத்திருந்தது. கிறில்லுக்கு அமிலம் போடவில்லை. கம்பிச் சில்லும் தின்னரும்தான். எப்பொக்சிப் பிசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் அமைன் என்ற சாமான், காரத்தன்மை உள்ளது. தகரத்தில் அமிலம் மிஞ்சியிருந்தால் ஹார்ட்னர் பிசினோடு சேருவதற்கு முதல் அமிலத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே அடியில் உள்ள மெல்லிய படை ஒருக்காலும் இறுகாது. அமிலத்தின் மிச்சம் தண்ணீரில் கரைவது. தின்னர் அதை அள்ளாது, இழுத்துப் பரப்பிவிடும்.

இரண்டாம் தடவை செய்த ஒழுங்கைச் சொல்கிறேன், இதில் ஒரு படியையும் தாண்டாதீர்கள். உரிந்ததை முழுவதும் சுரண்டி எடுத்து, தகரத்தை வெறும் உலோகம் வரை கொண்டுவர வேண்டும். குழிகளுக்குள் கறள் இருந்தால் அமிலம் போடலாம், ஆனால் காய விடக்கூடாது. ஈரமாகவே வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பப் பூசி, நைலோன் தூரிகையால் தேய்த்து, ஈரத்தோடே குழாய்த் தண்ணீரால் கழுவ வேண்டும். காய்ந்துபோனால் புது அமிலம் பூசி இளக்கிவிட்டுக் கழுவுவதுதான் வழி. கழுவி முடிந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மீன் தொட்டிக்கு விற்கிற, அமிலத்தை நிறத்தால் காட்டும் பீஎச் தாளை ஈரத் தகரத்தில் ஒட்டிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்த தாளின் நிறமும் தகரத்தில் ஒட்டிய தாளின் நிறமும் ஒன்றாக வரும்வரை கழுவ வேண்டும். தட்டையான இடத்துக்கு மூன்று கழுவல் போதும். ஃபுட்வெல் கதவுத்தூணோடு சேருகிற மடிப்புக்கு ஏழு தேவைப்பட்டது. ஒட்டின பொருத்துகளுக்குள் அமிலம் போய் நின்றுகொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும். ஆகவே இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்துக்கு அமிலமே கொண்டுபோகக் கூடாது. அங்கே கம்பித் தூரிகையும் பொறுமையும்தான்.

கடைசிக் கழுவலுக்குப் பெற்றோல் ஷெட்டில் கிடைக்கும் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், பற்றரி அமிலம் அல்ல) ஒரு லீற்றர். உடனே கொம்பிரசர் காற்று, பிறகு ஹீட் கன். இங்கே வெறும் தகரம் கழுவிய ஒரு மணித்தியாலத்துக்குள் மஞ்சளாக ஒரு படலம் எடுத்துவிடும். கழுவித் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பவும் முதலிலிருந்து. காய்ந்த பிறகு சுத்தமான துணியில் தின்னர், துணியைத் திருப்பித் திருப்பி, ஒரு பக்கத்துக்கு ஒரு இழுப்பு.

அடுத்தது வெய்யில் கணக்கு. முதல் தடவை அடித்தது பின்னேரம் ஐந்து மணிக்கு. மறுநாள் கிறில், பல்க்ஹெட் இரண்டிலும் மெழுகு தடவியதுபோல மங்கலான வழுவழுப்பு, விரல் வைத்தால் தடம் விழுந்தது. ஈரக்காற்றில் அமைன் மேலே வந்து ஈரத்தோடும் காபனீரொக்சைட்டோடும் சேர்ந்து விடுகிற படலம் அது. அதன் மேல் எந்தப் பெயின்றும் பிடிக்காது. கண்டவுடன் உப்புத்தாள் போடுவது பிழை. படலம் கீறல்களுக்குள் அரைபட்டுப் போய்விடும். முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சட்டி தேய்க்கும் பச்சைப் பஞ்சும், பிறகு நன்றாக அலசல், காய்ந்த பிறகுதான் 240 உப்புத்தாள். கிறில் இந்த வைத்தியத்தோடு தப்பியது.

தகரத்தின் சூடு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை மேலே இருந்தால்தான் பிரைமர் அடிக்கலாம் என்பது பெயின்ற்காரர்களின் பொது விதி. கொழும்புக் காற்றில் இது எவ்வளவு இறுக்கமான விதி என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் பனிநிலை ஏறத்தாழ 26. இடைவெளி நாலு பாகை, அடிக்கலாம். பின்னேரம் 28 பாகை, 85 சதவீதம் ஆகும்போது பனிநிலை 25க்குச் சற்று மேல். இடைவெளி மூன்றுக்கும் கீழே. நண்பகலில் 31 பாகை, 65 சதவீதம் கிடைத்தால் இடைவெளி ஏழுக்கு மேல், ராஜயோகம். அதோடு வெளியே நிற்கும் மெல்லிய தகரம் சூரியன் இறங்கியதும் காற்றைவிட வேகமாகக் குளிரும். ஈரமானியும் அகச்சிவப்பு வெப்பமானியும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் புறக்கோட்டையில் கிடைக்கும்.

ஆகவே இப்போது நாளை இப்படிப் பிரித்திருக்கிறது. விடிய, காற்று எழும்ப முதல், பல்க்ஹெட்டுக்கு மிக் வெல்டிங் (வாயு ஊதி ஒட்டைக் காக்கும் வெல்டிங்). மத்தியானத்துக்குப் பிறகு கடல் காற்று ஏறினால் மிக் வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்கப் பஞ்சு மாதிரி ஓட்டை விழும். அந்த நேரம் கிறில்லுக்குக் குச்சி வெல்டிங், 6013 ரகக் குச்சி, இரண்டரை மில்லிமீற்றர். குச்சியின் பூச்சே புகையும் கசடும் தந்து ஒட்டைக் காப்பதால் இந்தக் காற்று அதற்குப் பெரிய குறையில்லை. 10 மில்லிமீற்றர் சதுரக் கம்பி சூட்டையும் தாங்கும். 1.2 மில்லிமீற்றர் ஃபுட்வெல் தகரத்தில் குச்சி வைத்தால் பொத்துக்கொண்டு போகும். மிக்கிலும் தொடர்ந்து இழுக்காமல் ஒரு சென்ரிமீற்றர் ஒட்டி, எதிர்ப் பக்கம் போய் ஒரு சென்ரிமீற்றர், கை வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகு அடுத்தது. பல்க்ஹெட்டைக் கழற்றாமல் ஒட்டுகிறவர்கள் சாரதி ஆசனத்துக்குக் கீழே உள்ள பெற்றோல் டாங்கியை முதலில் கழற்றி வளவுக்கு வெளியே வையுங்கள். வெறும் டாங்கிதானே என்று விடக்கூடாது, வெறும் டாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது. பற்றரியும் ஒல்ரனேற்றரும் கழற்றியே இருக்க வேண்டும்.

பிரைமர் அடிக்கும் நாளில் வெல்டிங் இல்லை, 11 மணியிலிருந்து 2 மணி வரை பிரைமர் மட்டும். அளவு: 10 மில்லிமீற்றர் சதுரக் கம்பியில் ஒரு மீற்றருக்கு 0.04 சதுர மீற்றர். நாலு கிறில்லிலும் சேர்த்து 40 மீற்றர் கம்பி, 1.6 சதுர மீற்றர். பல்க்ஹெட் இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை. மொத்தம் 4.1. டப்பாவில் திண்மம் (காய்ந்த பிறகு மிஞ்சுவது) 50 சதவீதம் என்று இருக்கிறது, 50 மைக்ரோன் படைக்கு ஒரு லீற்றர் பத்துச் சதுர மீற்றர் போகும். 410 மில்லிலீற்றர், கம்பி வேலையில் வீணாவது 30 சதவீதம் சேர்த்தால் 530. எங்களுடையது 4க்கு 1 கலவை, 440ம் 110ம் கலந்தால் சரி. உங்கள் டப்பாவின் விகிதம் வேறாக இருக்கும், அதைப் பாருங்கள். கண்மட்டத்துக்குக் கலக்கவே வேண்டாம், அளவுக் கோப்பை வையுங்கள்.

கலந்ததும் முதலில் பல்க்ஹெட். ஒட்டின கோடுகள், விளிம்புகள், போல்ற் துளைகளுக்குச் சின்னத் தூரிகையால் குத்திக் குத்தி ஒரு படை, பிறகு பரப்பு. கிறில் கடைசி. இந்தச் சூட்டில் கலவை வேகமாகத் தடிக்கும். தடித்த கலவை கம்பிக்குப் பரவாயில்லை, குழிக்குள் இறங்காது. ஆனால் மேல் பெயின்றில் வரிசை மாறுகிறது: எப்பொக்சி வெய்யிலில் மாவாக உதிரும் சாமான், எனவே வெளியே கடலைப் பார்த்து நிற்கும் கிறில்லுக்கு உடனே மேல் பெயின்ற் வேண்டும். கொட்டகைக்குள் நிற்கும் பல்க்ஹெட் காத்திருக்கும். காத்திருக்கும் நாள் டப்பாவில் சொன்ன இடைவெளியைத் தாண்டினால் திரும்ப உப்புத்தாள் போட்டே ஆகவேண்டும்.

ஸ்லாப்புக்கு இதற்கு நேர்மாறான வானம் வேண்டும். சீமெந்து அடிப்படையிலான நீர்க்காப்புப் பூச்சுக்குத் தளம் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. நண்பகல் வெய்யிலில் பூசினால் இறுகுவதற்கு முதல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும். ஆகவே பிரைமருக்குக் கூடாத பின்னேரம் நாலு மணிக்குப் பிறகான நேரம் ஸ்லாப்புக்குச் சொந்தம். வெடிப்பை ‘வி’ வடிவில் வெட்டி நிரப்பி, பரப்பெட் சுவரும் ஸ்லாப்பும் சேரும் மூலையை உருட்டி, முதல் படை கிழக்கு மேற்காக, மறுநாள் இரண்டாம் படை வடக்குத் தெற்காக. நன்றாக இறுகிய பிறகு, ஒழுகுகிறதா என்று பார்க்க, மழைத்தண்ணீர் வடியும் குழாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணித்தியாலம். எங்களுடையது இரண்டாம் படையோடு நிற்கிறது, தண்ணீர் கட்டவில்லை.

ஒன்றாகச் செய்யும்போது பிரித்தே வைக்கவேண்டியவையும் உண்டு. கிறில்லுக்குப் பாவித்த கம்பிச் சில்லை ஜீப்பின் அலுமினியப் பனலில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் ஏறி, உப்புக் காற்றில் அங்கிருந்தே வெள்ளை மாவு கிளம்பும். அலுமினியத்துக்கு உள்ள சில்லுக்கு நீலப் பெயின்ற் பொட்டு வைத்துத் தனிப் பெட்டியில் போட்டிருக்கிறது. கிறைண்டர் பொறி யன்னல் கண்ணாடியில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் குழிதான் மிஞ்சும். ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுவர் வெட்டும் நாளில் கியர்பொக்ஸ் மூடி திறந்திருக்கவே கூடாது.

சாமான் பற்றி: போல்ற் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போவதானால் பழைய போல்ற்றைக் கையில் கொண்டுபோங்கள். சீரிஸ் 3இல் பெரும்பாலும் யூஎன்எஃப் புரி (அங்குலக் கணக்கு நுண்புரி). வீட்டுச் சாமான் கடைகளில் மில்லிமீற்றர் புரிதான் நிறைய. கிட்டத்தட்டச் சரியாகப் போகிற ஒன்றை இறுக்கினால் புரி கழன்றுவிடும். தகரம் பழைய சோனகர் தெருவில் எட்டுக்கு நாலு அடி முழுத் தகடாக எடுத்தது. இரண்டு ஃபுட்வெல்லும் வெட்டி மிஞ்சியதில் மீற்றர் பெட்டி மூடிக்குக் காணும். பல்க்ஹெட்டோடு அலுமினிய விங் (முன் மட்கார்ட்) சேரும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் போல்ற் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் கடலோரத்தில் துளையைச் சுற்றி அலுமினியத்தைத் தின்னும். துத்தநாகம் பூசியதும் நைலோன் வொஷரும் போதும்.

அடுத்ததாகப் பிரேக். பத்து அங்குல ட்ரம்மில் பிரேக் எண்ணெயிலிருந்து காற்று எடுப்பது பெரிய கரைச்சல். நத்தை அட்ஜஸ்டரை (பிரேக் ஷூவைத் தள்ளும் நத்தை வடிவத் துண்டு) நாலு சில்லிலும் இறுக்கி, ஷூவை ட்ரம்மோடு பூட்டிய பிறகு எடுத்தால் சிலிண்டருக்குள் காற்று நிற்க இடம் குறையும், பெடல் கெதியாக இறுகும். அதற்கான ரப்பர்கள் வந்துவிட்டன. மழைக்காலத்துக்கு ஏற்ற வேலை, கொட்டகைக்குள் இருந்தே செய்யலாம்.

இப்போது இடது ஃபுட்வெல்லில் இரண்டாம் பிரைமர் ஏழு நாள் தாண்டியும் கத்திக்கு அசையவில்லை. வலது ஃபுட்வெல் வெட்டி எடுத்தாயிற்று, மட்டை அச்சு தகட்டின் மேல் வரைந்தபடி இருக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் அதை ஒட்டி, கழுவி, 11 மணி வெய்யில் ஒன்று பிடிக்க வேண்டும். ஸ்லாப்புக்கு நாளைக்குத் தண்ணீர் கட்டுகிறோம்.