முனியப்பன் கல் மூழ்கப் போகிறது

கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்த செய்தி வந்தபோது, நான் காவேரிப்பட்டணத்துக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் ஒரு சிறு கிராமத்தின் நிர்வாக அலுவலராக இருந்தேன். 2017 நவம்பர் 29. கிருஷ்ணகிரியிலிருந்து கடலூர் வரை ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. எங்கள் ஊருக்கு அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒவ்வோர் ஆண்டும் மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியல் அது: வார்டு உறுப்பினர்கள், சுயஉதவிக் குழுத் தலைவிகள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்று இரண்டு பக்கம் எண்கள். பழைய ஆண்டுத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பி வந்தேன். அன்று இரவு அந்த எண்களை அழைக்க உட்கார்ந்தேன். பாதி எண்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. சில எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஓர் எண்ணில் ஒரு பெண் பேசினாள். "அப்பா போன வருஷமே இறந்துவிட்டார் சார்" என்றாள். அவருடைய சாவுக்கு நான்தான் சான்று கொடுத்திருந்தேன். பட்டியலில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார்.

பிறகு தமுக்கு அடிக்கும் பெரியவரை எழுப்பினேன். அவர் தூறலில் நனைந்துகொண்டே ஊர்த் தெருக்கள் முழுவதும் நடந்தார். மேட்டுத் தெரு, கோயில் தெரு, கடைவீதி என்று வழக்கமான வரிசையில் போனார். அவருடைய காலனி ஆற்றுக்கு மிக அருகில், பள்ளத்தில் இருக்கிறது. வழக்கமான வரிசையில் அது கடைசி. நல்லவேளையாகத் தண்ணீர் தென்னந்தோப்போடு நின்றது, தெருவுக்குள் ஏறவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "ஊருக்கெல்லாம் அவர் சொன்னார். எங்களுக்கு யார் சார் சொல்வது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. முதலில் மூழ்கும் தெருவுக்குக் கடைசியில் செய்தி போகிற வரிசையை நாங்கள் யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. சாதி போட்டுக் கொடுத்த வரிசை அது. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்து, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் எழுதியபோது நான் முதலில் நினைத்தது அந்தப் பெரியவரைத்தான். ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் மேட்டுத் தெருவிலிருந்தே கிளம்பினால் என்ன மாறிவிடும்?

2017இல் அந்த மழை ஓய்ந்ததும் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நோட்டு வாங்கினேன். எண்களுக்குப் பதிலாக வீடுகளை எழுதினேன். ஆற்றுக்கு அருகில் உள்ள வீடு முதல் பக்கம். அந்த வீட்டில் இரவில் யார் படுத்திருப்பார்கள், நடக்க முடியாதவர் உண்டா, யார் போய்க் கதவைத் தட்டுவார் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தேன். இதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. கேட்கப் போன பிறகுதான் எனக்குத் தெரியாதவை எத்தனை என்று புரிந்தது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் ஆண்கள் பலர் வீட்டில் இருப்பதில்லை. ஆற்றோரக் கிணற்று மோட்டார் கொட்டகையில் படுத்திருப்பார்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் ஆட்டுக்காரர்கள் எந்த ரேஷன் அட்டையிலும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்குத் தமிழ் புரியாது. அவர்களுடைய மேஸ்திரி சொன்னால்தான் நகர்வார்கள். எங்கள் ஊரிலேயே பாதி வீடுகளில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பகலில் எல்லோரும் தமிழில் பேசிக்கொள்கிறோம். நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழும் கிழவிக்கு அவளுடைய மொழியில் சொன்னால்தான் உடனே உறைக்கிறது.

இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர் பால் சொசைட்டியில் பால் அளப்பவர். விடியற்காலையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். அரசுப் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. என் நோட்டில் அவர் பெயரை முதலில் எழுதினேன்.

என்ன சொல்வது என்பதும் ஒரு சிக்கல். மேலிருந்து வரும் செய்தி கன அடியில் வரும். இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்று சொன்னால், "சரி சார்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. எனக்கே அந்த எண் கண்ணில் காட்சியாக விரிவதில்லை. எனவே வயதானவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், பழைய வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டச் சொன்னேன். படித்துறைக்கு மேலே ஒரு முனியப்பன் கல் இருக்கிறது. அது மூழ்கினால் காலனிக்குள் தண்ணீர் வரும் என்றார்கள். அன்று முதல் எங்கள் எச்சரிக்கை வாசகம் மாறியது: "முனியப்பன் கல் மூழ்கப் போகிறது. மாட்டை அவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்." மாட்டை அவிழ்க்கச் சொல்லாத எச்சரிக்கையைக் கேட்டு யாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள்.

2023 அக்டோபர் 20 அன்று தமிழகம் முழுவதும் கைபேசிகளில் அபாய ஒலியைச் சோதித்துப் பார்த்தார்கள். நான் டீக்கடையில் இருந்தேன். என் கைபேசி அலறியது. இதற்கு நம் எண் யாரிடமும் இருக்க வேண்டியதில்லை. கைபேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. நெரிசலில் குறுஞ்செய்தி தேங்குவது போல இது தேங்காது. மிக நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே பெஞ்சில் பட்டன் போன் வைத்திருந்த இருவருக்கும் ஒன்றும் ஒலிக்கவில்லை. அவர்களில் ஒருவருடைய வீடு என் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நான் ஊத்தங்கரைப் பகுதிக்கு மாறியிருந்தேன். அங்கும் அதே போல ஒரு நோட்டு போட்டிருந்தேன். ஆறு ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம் என்று வரிசை. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நின்ற வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் கிராமத்தில் நாங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் முதுகுப்புறத்திலிருந்து, ஏரி நிரம்பி வழிந்து வந்தது. நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருந்த வீடுகளுக்குத்தான் முதலில் புகுந்தது. மின்சாரம் இல்லை, கோயில் மைக் செட் பேசவில்லை, கைபேசிக் கோபுரமும் சற்று நேரத்தில் ஓய்ந்தது.

அப்போது நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசை பார்க்கவில்லை. கதவு தட்ட ஒப்புக்கொண்டவர்களும் என் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் ஓடினார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவர் டார்ச் லைட்டோடு இடுப்பளவு நீரில் போய், பக்கவாதத்தில் கிடந்த ஒரு தாத்தாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவர் அந்த வீட்டில், அந்த உள்ளறையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விடிந்ததும் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து நனைந்த நோட்டைப் பிரித்து, வந்தவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஒரு குடும்பம் மட்டும் பதில் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "அவர்கள் நேற்றே மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்கள் சார். சாயங்காலப் பாலுக்கு வரவில்லை." நான் அந்தப் பெயரையும் டிக் செய்தேன்.