ஐந்து நியூட்டன் மீட்டர்

திண்டுக்கல்லில் மாமாவின் சைக்கிள் கடையில்தான் தொழில் பழகினேன். பங்க்சர் ஒட்டுவது, பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைப்பது, ரிம்மில் கோட்டம் எடுப்பது என்று பத்து வருஷம் ஓடியது. போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டால் மாமா, "கை சொல்லும் மாப்ளே, அதுக்கு மேல போகாதே" என்பார். இரும்பைப் பொறுத்தவரை அது முழு உண்மை. இரும்பு இறுகும், அப்புறம் லேசாக இளகும், வளையும். உடைவதற்கு முன்னால் எப்படியாவது நமக்குத் தெரிவித்துவிடும்.

அந்தக் கையை நம்பித்தான் இங்கிலாந்தில் ஒரு பந்தய சைக்கிள் பட்டறையில் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு டைம் டிரையல் சைக்கிளின், அதாவது ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரத்தைக் கணக்கிடும் பந்தயத்துக்கான சைக்கிளின், சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டை) உடைத்தேன். அதில் சீட் போஸ்ட் உருண்டைக் குழாயாக இருக்காது, காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காகக் கத்தி மாதிரி தட்டையாக இருக்கும். ஃபிரேமுக்குள் ஒரு சின்ன ஆப்பு இறங்கி அதை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு முறுக்கலாம் என்பதற்கான அளவு, 5 நியூட்டன் மீட்டர் என்று போல்ட்டுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. வைத்த அளவுக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் எதற்கு, கை போதும் என்று முறுக்கினேன். கைக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

தலைமை மெக்கானிக் திட்டவில்லை. உடைந்த போஸ்ட்டை வைஸில் பிடித்து ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காட்டினார். வாழைமரத்தை வெட்டினால் மட்டை மட்டையாகத் தெரியுமே, அந்த மாதிரி கருப்பு அடுக்குகள். முடியைவிட மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் ஊறவைத்துத் தாள் மாதிரி ஆக்கி, ஒவ்வொரு தாளையும் வேறுவேறு கோணத்தில் அச்சுக்குள் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக வைக்கிறார்கள். இழை ஓடுகிற திசையில் இழுத்தால் அது எதற்கும் அசையாது. ஒரே புள்ளியில் அழுத்தி நசுக்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும், வெளியே பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருக்கும். அன்றிலிருந்து டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனில் கை வைத்ததில்லை.

இந்த ஊரில் டைம் டிரையல் மோகம் பழையது. பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விட்டால் போலீஸ் தொந்தரவு வரும் என்ற காலத்தில், 1895-ல் ஃபிரெடரிக் பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளம்பினால் பந்தயம் நடப்பதே வெளியே தெரியாது. விடியற்காலையில், உடம்பு முழுக்க மூடிய கருப்பு உடையில் ஓட்டினார்கள், பாதைகளுக்கு ரகசியக் குறியீடு வைத்தார்கள். இன்றைக்கும் 10 மைல், 25 மைல் பாதைகளுக்கு ஒரு எழுத்தும் எண்ணும்தான் பெயர்.

1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளைப் பற்றி இங்கே தெரியாதவர்கள் இல்லை. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முழங்கையைத் தாங்கும் ஏரோ பார் போட்டுக் குனிந்து ஓட்டினார், லோரான் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் 8 நொடியில் ஜெயித்தார். மூன்று வருஷம் கழித்து பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் லோட்டஸ் கார் கம்பெனியின் கார்பன் சைக்கிளில் தங்கம் வாங்கினார். அது டிராக் பந்தயம்தான், ஆனால் ஒரே வார்ப்பாக இருந்த அந்த உருவத்தைப் பார்த்த பிறகு சைக்கிள் என்றால் குழாய்களைப் பற்றவைத்தது என்ற எண்ணமே மாறிப்போனது.

கடைக்கு வருகிறவர்கள் 10,000 பவுண்டுக்கு மேல் விலையுள்ள டைம் டிரையல் சைக்கிளை முதலில் தூக்கித்தான் பார்ப்பார்கள். "கனமாக இருக்கிறதே" என்று முகம் வாடும். சாதாரண ரேஸ் சைக்கிளைவிட இது பெரும்பாலும் கனம்தான். சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிர்ப்பில் பெரும்பங்கு காற்றுடையது, அந்தக் காற்றில் பெரும்பங்கு மோதுவது ஓட்டுகிறவரின் உடம்பில். அதனால் நான் ஒரு சைக்கிளை மாட்டுவதற்குச் செலவிடுவதைவிட, ஆளை அதில் உட்காரவைத்து முழங்கை மெத்தையை 5 மில்லிமீட்டர் ஏற்றி இறக்குவதற்கு அதிக நேரம் செலவிடுகிறேன். ஒரு மணி நேரம் அந்தக் குனிவில் தாங்க முடியாதவருக்கு எவ்வளவு விலையுள்ள சைக்கிளாக இருந்தும் பிரயோஜனமில்லை. தலை நிமிர்ந்த மறு நொடியே எல்லாம் போச்சு.

இன்னொன்று, வியர்வை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சைக்கிளை டிரெயினர் என்ற ஸ்டாண்டில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்துப் பயிற்சி செய்வார்கள். குனிந்த தலையிலிருந்து சொட்டுவது நேராக ஹெட்செட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற பால்ரஸ் இருக்கும் இடத்தில், விழும். உப்பு உள்ளே இறங்கி அலுமினிய போல்ட்டைத் தின்றுவிடும், கார்பனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அலுமினியம் இன்னும் சீக்கிரம் அரிக்கும். இறுகிப்போன ஒரு போல்ட்டுடன் ஒரு முழு மதியமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். தயவுசெய்து ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐம்பது தாண்டிய ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். நாலு வருஷம் காசு சேர்த்து வாங்கிய சைக்கிள். ஞாயிறு காலை 25 மைல் பந்தயம். சீட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, இறங்க இறங்க இன்னும் முறுக்குகிறேன் என்றார். வயிறு பகீரென்றது. இறங்கினால் முறுக்கக் கூடாது, கார்பன் பேஸ்ட் தடவ வேண்டும். அதில் இருக்கும் நுண்ணிய மணல் போன்ற துகள்கள் பிடித்துக்கொள்ளும்.

போஸ்ட்டை உருவித் துடைத்துப் பார்த்தேன். ஆப்பு உட்காரும் இடத்துக்கு வெளியே ஃபிரேமில் ஒரு முடிக்கோடு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. 10 பென்ஸ் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தேன். டிண், டிண், டிண். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் டொத். மறுபடி தட்டினேன். மறுபடி டொத்.

"பெயிண்டாகத்தானே இருக்கும்?" என்றார். இருக்கலாம், ஆனால் ஸ்கேன் பண்ணாமல் மாட்டித் தர மாட்டேன் என்றேன். கடை மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். லாரி போகிற இரட்டைச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது விட்டுப்போனால் அந்தக் கையெழுத்தை வைத்து என்ன செய்வது? முடியாது என்றேன். தலைமை மெக்கானிக் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆசிரியர் கோபத்தோடு கிளம்பிப் போனார், ஞாயிற்றுக்கிழமை பழைய அலுமினிய சைக்கிளில் ஓட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஃபிரேம் கார்பன் பழுதுபார்ப்பவர்களிடம் போனது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது வெளியே சுண்டுவிரல் நீளம் இருந்த விரிசல் உள்ளே அதைப்போல மூன்று மடங்கு ஓடியிருந்தது. சுரண்டியெடுத்து, புது அடுக்குகள் வைத்து, பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்ப ஐந்து வாரம் ஆனது.

மறுபடி மாட்டும் அன்று ஆசிரியரும் வந்திருந்தார். பழைய கோபம் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேஸ்ட் தடவி, போஸ்ட்டை அளந்து இறக்கி, டார்க் ரெஞ்சை ஐந்தில் வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மெதுவாகத் திருப்பினார். கிளிக் என்றது. இவ்வளவுதானா என்பது போல என்னைப் பார்த்தார், விரல்கள் இன்னும் ரெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தன.

"போதும்" என்றேன்.