ஊசி உடைந்தால் யார் தேடுவது?

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பது எங்கள் வேலை. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு முனை உள்ளே தங்கிவிட்டால் ஷூ போடுபவர் காலில் ஏறிவிடுமே! விதி நியாயம்தான். ஆனால் மணிக்கு இத்தனை ஜோடி என்று பலகையில் எழுதிவிட்டு, கடுகளவு இரும்பைத் தரையில் தேடச் சொன்னால் யாருக்கும் கை நடுங்கும்.

லைனின் குணம் அப்போதுதான் தெரியும். சில லைன்களில் ஊசி உடைந்தவள் மட்டும் குனிந்து தேடுவாள். மற்றவர்கள் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் லைனில் யாரும் சொல்லாமலே ஒருவர் காந்தத்தை எடுத்து மெஷினுக்கடியில் ஓட்டுவார். "நீ தேடும்மா, பீஸை நான் ஓட்டுகிறேன்" என்று பக்கத்து அக்கா அவளுடைய பீஸ் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். டார்கெட் இரண்டு வகை லைனுக்கும் ஒன்றுதான். ஆனால் சாயங்காலம் தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத் தேடவிடும் அந்த லைன்காரர்கள்.

தன் குழுவால் முடியும் என்று குழுவே நம்புவதைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நிறைய எழுதியிருக்கிறார். 1999இல் அமெரிக்க ராணுவ வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. இந்த நம்பிக்கை வலுவாக இருந்த பிரிவுகளில், வேலைப்பளு கூடினாலும் வேலையின் மேல் வெறுப்பு அந்த அளவுக்குக் கூடவில்லையாம். துப்பாக்கிக்கும் தையல் மெஷினுக்கும் இது பொதுவாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த நம்பிக்கை பேச்சில் வராது. ஒருமுறை பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து எங்களைக் கை தட்டவைத்தார்கள். அந்த ஒரு மணி நேர உற்பத்தியை மறுநாள் எங்களிடமே கேட்டார்கள். சேர்ந்து ஓர் அவசர ஆர்டரை முடித்து அனுப்பிய அனுபவம்தான் அடுத்த ஆர்டருக்குத் தைரியம் தருகிறது. நம்பிக்கை வளரும் வழிகளில், செய்து ஜெயித்த அனுபவத்தையே பண்டூராவும் முதலில் வைக்கிறார்.

இதைச் சொன்னால் நிர்வாகத்துக்குக் கொண்டாட்டம்: "உங்கள் லைன்தான் ஒற்றுமையாயிற்றே, இன்னும் கொஞ்சம் கூட்டலாமே?" மே மாத வேலூர் வெயிலில் ஓடாத மின்விசிறிக்கு ஒற்றுமை மாற்றாகாது. ஓவர்டைம் கூலிக்கும் ஆகாது.

இப்போது பிரச்சினை வேறு. பக்கத்து லைன் பின்தங்குகிறது என்று, காந்தம் எடுத்து ஓடுகிற அந்த ஆளை அங்கே மாற்றச் சொல்கிறார்கள். ஒருவரைப் பிடுங்கி நட்டால் அந்த லைன் தேறாது, அங்கிருந்து இரண்டு பேரை எங்களோடு உட்காரவையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் தருவதாகச் சொன்னார்கள்.