கழுத்துச் சிரையில் உறைந்த இரத்தம்

நெடுந்தொலைவு விண்வெளிப் பயணத்தின் ஆபத்து என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கதிர்வீச்சு அன்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆய்வுக்காகச் செய்த அல்ட்ராசவுண்ட் பரிசோதனை, ஒருவரின் கழுத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருந்ததைத் தற்செயலாகக் காட்டிக்கொடுத்த நிகழ்வுதான். எடையற்ற நிலையில் உடலின் நீர்மங்கள் தலைப்பக்கம் ஏறிக்கொள்வதால் முகம் உப்பி, கால்கள் மெலிந்து, அந்தச் சிரையில் ஓட்டமும் மந்தமாகிவிடுகிறது. 2020-இல் வெளியான மருத்துவ அறிக்கையின்படி, பூமியிலிருந்த மருத்துவர்கள் வழிகாட்ட, கையிருப்பில் இருந்த மருந்தைச் சிக்கனமாக ஊசி வழியே செலுத்திச் சமாளித்தார்கள். பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்குப் போகும் வழியில் சரக்குக் கலம் ஏது? பூமியும் செவ்வாயும் மிகவும் விலகியிருக்கும் காலத்தில், பூமியிடம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் வரவே 40 நிமிடங்களுக்கு மேல் ஆகிவிடும். எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு கரையும் இடுப்பெலும்புக்காவது அன்றாட உடற்பயிற்சி ஓரளவு கைகொடுக்கிறது.