ஆஸ்டினுக்கு ஏசி

மார்ச் 2

அக்காவுக்காக என் பழைய ஆஸ்டின் காரில் மாட்டப்போகும் ஏசியின் பெட்டிகள் வந்துவிட்டன. கூடத்துத் தரை முழுக்கக் கருப்பு ஹோஸ். வாயுவை அழுத்தும் சாண்டன் 508 வகைக் கம்ப்ரசர், ஐந்து பிஸ்டன், 138 சிசி. கையில் தூக்கினால் கனம் தெரிகிறது. காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் பெட்டி நினைத்ததைவிடப் பெரியது; முகத்தில் நான்கு வட்டத் துவாரங்கள், காற்றைத் திருப்பிவிடச் சிறு இறக்கைகள். டாஷ்போர்டுக்குக் கீழே பயணியின் முழங்காலுக்கு நேராக வரும். அக்காவின் முழங்கால்.

ட்ரையர் என்ற உலர்த்திக் குப்பியின் மூடிகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டேன். உள்ளே இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சத்தான் இருக்கின்றன. மூடியைக் கழற்றி வைத்தால் இந்த அறையின் ஈரத்தைக் குடித்துவிட்டு, வேலைக்கு வரும்போது வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில், பம்பு வைத்துக் குழாய்களுக்குள் வேக்கம் (வெற்றிடம்) போடுவதற்குச் சற்று முன்புதான் மாட்ட வேண்டும்.

அண்ணன் கூப்பிட்டார். "ஏசி உள்ள வண்டி ஊரெல்லாம் கிடக்கிறது, எதற்கடா இந்த வேலை?" அக்கா வேறு வண்டியில் ஏறமாட்டாள் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

மார்ச் 3

டாஷ்போர்டில் துளை போட மாட்டேன்.

மார்ச் 5

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

காற்றைத் தள்ளும் ப்ளோயர் முழு வேகத்தில் 12 ஆம்பியர். கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் 4. வாயுவின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் விசிறி 8. ஏசிக்கு மட்டும் 24. இரவில் முகப்பு விளக்கு, பின்விளக்கு, இக்னிஷன் காயில், மழை வந்தால் வைப்பர் என்று இன்னொரு 16. ஆக 40. வண்டியில் இருக்கும் டைனமோவோ நன்றாகச் சுற்றும்போது 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மெதுவாக ஓடும்போது, அதுவும் இல்லை. சார்ஜ் போதவில்லை என்று சொல்லும் டாஷின் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும். 1963இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகியவற்றுக்குப் போதும் என்று அளந்து வைத்தது அது. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனவே டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். 55 ஆம்பியர். ஆனால் அந்த 55 என்பதும் வேகமாகச் சுற்றும்போது தருவது. சிக்னலில் நிற்கும்போது? நிற்கும்போதுதானே குளிர் வேண்டும்? ஓடும் வண்டியில் சன்னல் காற்றாவது வரும்.

ஆல்டர்னேட்டர் புல்லியைச் சிறிதாக்கினால் ஐடிலிலும் வேகமாகச் சுற்றும். மெக்கானிக் பெரியவரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 6

பெரியவர் வந்தார். பானட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, இது பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது. நீங்கள் வாங்கியிருக்கும் ஆல்டர்னேட்டரை இதில் மாட்டினால் அடுத்த நிமிடம் புகைதான்."

தெரியும். திருப்பத்தான் போகிறோம். பேட்டரியைத் திருப்பி வைத்து, பிளஸ் முனை தடிமன் என்பதால் கவ்விகளை மாற்றி, காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைத் திருப்பினால் பெரும்பாலும் முடிந்தது. மோட்டார்கள்தான் சந்தேகம். உள்ளே நிரந்தரக் காந்தம் இருந்தால் எதிர்த் திசையில் சுற்றும்; காந்தமும் சுருளாக இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் ஒரே திசைதான். ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டுப் பார்த்தோம். வைப்பர் நல்ல பிள்ளை. ஹீட்டர் விசிறி திரும்பிக்கொண்டது. அதற்கு மட்டும் ஒயர் மாற்றினார்.

மார்ச் 8

காலையில் அக்கா வாசல்வரை நடந்தாள். வெயில் ஏறியதும் கால் தளர்ந்துவிட்டது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு சரியாயிற்று. உடம்பு அரை டிகிரி சூடானாலே போதும் என்கிறாள். "உன் வண்டி எப்போது தயாராகும்?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 9

கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட் பொருந்தவில்லை. விற்றவரைக் கூப்பிட்டால் "1622 சிசி என்ஜினுக்கு என்றுதான் போட்டிருக்கிறது, எல்லாருக்கும் பொருந்துகிறது" என்கிறார். எல்லாருக்கும் பொருந்துகிற பொருள் எனக்கு மட்டும் பொருந்தாமல் இருக்க என் வண்டி என்ன பாவம் செய்தது? கம்ப்ரசர் புல்லி, என்ஜினின் கிராங்க் புல்லிக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் விரல் நுழையும் இடைவெளி. இப்படி ஓட்டினால் பெல்ட் தன் ஓரத்தைத் தானே தின்றுவிடும்; அதற்கு முன்னால் கத்தித் தீர்க்கும்.

பெரியவர் அட்டையில் வெட்டி அளவெடுத்துப் போனார். கனத்த இரும்புத் தகட்டில் புதிதாகச் செய்கிறார். மெல்லிய தகடு ஆகாதாம். கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் உதறல் வரும், விரிசல் விட்டுவிடும்.

மார்ச் 10

கிளட்சைப் பற்றி: 1940 மாடல் பேக்கார்டில்தான் முதன்முதலில் தொழிற்சாலையிலேயே ஏசி வைத்துக் கொடுத்தார்கள். அதில் கிளட்ச் கிடையாது. குளிர் போதுமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! குளிர்ப்பெட்டி பாதி டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும். இதைப் படித்த பிறகு என் வேலை எளிதாகத் தோன்றுகிறது. அரைமணி நேரத்துக்கு.

மார்ச் 12

கண்டென்சர் ஏறிவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால், ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளிலேயே. பழைய மாதிரிப் பாம்புக்குழாய் கண்டென்சர் வேண்டாம் என்று பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ எடுத்தது நல்லதாயிற்று. அந்தக் காலத்து வண்டிகளில் ஏசி இருந்தால் அது ஆர்12 வாயு. ஓசோனைத் தின்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது போய்விட்டது. இப்போது போடும் ஆர்134ஏ அதே வெயிலில் கூடுதல் அழுத்தத்துக்கு ஏறும். வெப்பத்தை வெளியே தள்ள இன்னும் நல்ல கண்டென்சர் கேட்கும்.

ஆனால் அது தள்ளும் சூடு எங்கே போகும்? நேராக ரேடியேட்டருக்குள். ஏற்கெனவே 61 குதிரைத்திறன் என்ஜின். அதில் நான்கைந்தைக் கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் இழுக்கிற வண்டிக்குச் சுடுகாற்றால் மூச்சுவிடச் சொல்கிறோம். ரேடியேட்டரைக் கழற்றி உட்புறம் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

40 ஆம்பியர். ஐடிலில் எவ்வளவு வரும்?

மார்ச் 15

இன்று வந்த ஏசிக்காரர் ஒருவர் ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள பயர்வாலில் மூன்று துளை, டாஷில் நான்கு, தரையில் ஒன்று என்றார். "பழைய வண்டிதானே சார்." அனுப்பிவிட்டேன்.

எவாப்பரேட்டர் பெட்டியை டாஷுக்குக் கீழுள்ள பார்சல் தட்டின் திருகுகளிலேயே தொங்கவிட்டாயிற்று. ஹோஸ்கள் பயர்வாலில் தொழிற்சாலை விட்டிருந்த ரப்பர் மூடிகளின் வழியே போகின்றன. மிச்சம் வடிகால். குளிர்ந்த தகடுகளில் காற்றின் ஈரம் நீராகி வடியும். அது வெளியே போக வழியில்லாவிட்டால் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி, தரையையே துருப்பிடிக்கவிடும். கார்ப்பெட்டைத் தூக்கினால், பெயிண்ட் வடிய விட்ட பழைய துளை, ரப்பர் அடைப்போடு. அடைப்பின் நடுவே குழாயைச் செருகினேன். குழாய் நெடுகச் சரிவாக இறங்குகிறது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். போகிறது!

மார்ச் 16

அக்காவுக்கு நல்ல நாள் இல்லை. வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 19

வேக்கம். பம்பு ஓட ஓட குறைந்த அழுத்தம் காட்டும் நீலக் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி 29 அங்குலப் பாதரசத்தைத் தாண்டிற்று. காற்றை எடுப்பதற்காக மட்டும் இல்லை இது. 25 டிகிரியில் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகிப் பம்பு வழியே போய்விடும். தங்கினால், திரவம் சீறி விரியும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும், வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்து அரிக்கும்.

வால்வை மூடிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நகரவில்லை. பிறகு ஒரு மயிரிழை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பீடியை அணைத்துவிட்டு ஸ்பேனர்களை எடுத்தார். கம்ப்ரசரின் உறிஞ்சு முனையில் இருந்த பச்சை ஓ-ரிங் ஓரத்தில் நசுங்கியிருந்தது. புதியதில் எண்ணெய் தடவி, இரண்டு ஸ்பேனரால் ஒன்றை நிறுத்தி மற்றதை முறுக்கினார். மறுபடியும் பம்பு. இருட்டும்வரை முள் அசையவில்லை.

மார்ச் 20

கேஸ் ஏற்றியாயிற்று. தராசில் நிறுத்து, அழுத்தத்தைப் பார்த்து அல்ல. வெளியே 36 டிகிரி. குறைந்த அழுத்தப் பக்கம் 38 பிஎஸ்ஐ, உயர்ந்த அழுத்தப் பக்கம் 240. நடுத் துவாரத்தில் வெப்பமானி 9 டிகிரி காட்டியது. பெரியவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு "சில்லுனு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். கூலியைப் பற்றிக்கூடப் பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கிளட்ச் பிடித்ததும் ஐடில் தொப்பென்று விழுகிறது. ஏசி போட்டால் த்ராட்டிலைச் சற்றே தள்ளும் சொலினாய்டு ஒன்றை வைத்தோம். அம்மீட்டர் முள் நடுவில் நடுங்கி, பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று காட்டும் பிளஸ் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது!

மார்ச் 22

உச்சிவெயிலில் ஓட்டினேன். துவாரத்தில் 9, பின்சீட்டில் 31. பெல்ட், கேஸ், ஆம்பியர் என்று இத்தனை நாள் என்ஜினையே கவனித்தோம். வண்டியோ ஓட்டைப் பாத்திரம். பெடல்களைச் சுற்றி என்ஜின் சூடு உள்ளே வருகிறது. ஸ்டீயரிங் கம்பி இறங்கும் இடத்தில் ரப்பரே இல்லை. கூரை வெறும் தகடு, அதற்குக் கீழே துணி. ஹீட்டர் வால்வு முழுதாக மூடவில்லை, வெந்நீர் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் குளிரூட்டி, மறுபக்கம் ஹீட்டர்; நடுவில் நான்.

மார்ச் 24

ஹீட்டர் குழாயில் தனி வால்வு போட்டு அடைத்தோம். பெடல் ரப்பர்கள் புதிது. கூரைத் துணியை இறக்கி வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டினோம். கதவு ரப்பரும் மாற்றியாயிற்று. பின்சீட்டில் 24.

அக்கா உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். "முழங்கால் விறைக்கிறது, அந்தப் பக்கம் திருப்பு." திருப்பினேன். "டாஷில் ஏதும் ஓட்டை போட்டாயா?" இல்லை என்றேன். குனிந்து தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 25

நாளை காலை ஏழுக்குக் கிளம்புகிறோம். கூடுதல் பெல்ட், 30 ஆம்பியர் ப்யூஸ்கள், ஒரு ரிலே, பத்து லிட்டர் தண்ணீர் டிக்கியில். மலையேற்றத்தில் ஏசியை அணைக்க வேண்டும் என்று பெரியவர் சொல்கிறார், வெப்பமானி முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். அண்ணன் தன் வண்டியில் பின்னாலேயே வருவாராம், எதற்கும் இருக்கட்டும் என்று. வரட்டும். அவர் வண்டி ஏசியில் கேஸ் இல்லை.